அம்மாவை ஏற்றிவிடும் விமானம்: சிட்னி–சான் பிரான்சிஸ்கோ நின்று டாலஸ் வந்தபோது

ஜன்னலோரம்:

நான் சிட்னியில் இருக்கிறேன், அக்கா கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில். அப்பா போன பிறகு அம்மா ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி வராது. ஆஸ்திரேலிய விமான நிறுவனமான க்வாண்டாஸின் சிட்னி–சான் பிரான்சிஸ்கோ விமானம் இருந்தவரை அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. நான் இங்கே ஏற்றிவிடுவேன், அக்கா அங்கே வந்து கூட்டிக்கொண்டு போவாள். நடுவில் 13, 14 மணி நேரம். சாப்பாடு வரும், தூங்கலாம், வழி கேட்க வேண்டியதே இல்லை.

2011 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. மே மாதத்தோடு சான் பிரான்சிஸ்கோ கிடையாது, இனி டாலஸுக்கு ஒரே மூச்சில் பறக்கப் போகிறோம் என்று. செய்தியைப் படித்ததும் அம்மாவின் பேரன் அட்லஸைத் தூக்கிக்கொண்டு வந்து டாலஸ் எங்கே என்று காட்டினான். அக்கா வீட்டிலிருந்து பாதி அமெரிக்கா தள்ளி இருந்தது.

அமெரிக்க நிறுவனமான யுனைடெட் அப்போதும் சான் பிரான்சிஸ்கோவுக்கு நேராக ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த டிசம்பர் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் எங்களுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. சரி, லாஸ் ஏஞ்சலஸ் வழியாகப் போகட்டும் என்று எடுத்தோம். அமெரிக்காவில் முதலில் எங்கே இறங்குகிறோமோ அங்கேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியையும் நாமே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி பெட்டியை ஒப்படைக்க வேண்டும். அதுவரை அக்கா காத்திருக்கும் ஊரிலேயே நடந்த வேலை இது. இப்போது அம்மா தனியாகச் செய்ய வேண்டும்.

வீல்சேர் சொல்லி வைத்தேன். கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டி, பின்பக்கம் இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்தேன். மேலே ஆங்கிலத்தில், "இவருக்கு ஆங்கிலம் தெரியாது, சான் பிரான்சிஸ்கோ விமானத்துக்குப் போகிறார், தயவுசெய்து இந்த எண்ணை அழையுங்கள்." கீழே தமிழில், "அம்மா, இதை யாரிடமாவது காட்டு."

லாஸ் ஏஞ்சலஸில் வீல்சேர் தள்ளி வந்தவர் விமானம் ஏறும் வாசல் எண்ணைப் பார்த்து, சரியான இடத்தில்தான் விட்டுவிட்டுப் போனார். அப்புறம் வாசலை மாற்றிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள், அம்மாவுக்கு எப்படிப் புரியும்? கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு, அட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். விமானம் போய்விட்டது. கடைசியில் ஒரு தெலுங்குப் பெண், படிக்க வந்த பிள்ளை, அம்மாவின் சேலையைப் பார்த்துப் பக்கத்தில் வந்து அட்டையைப் படித்து, அக்காவுக்கு போன் போட்டிருக்கிறாள். அடுத்த விமானத்துக்குச் சீட்டு மாற்றி, வாசல்வரை கூட வந்து உட்கார வைத்துவிட்டுத்தான் போனாளாம். அவள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்று அம்மாவுக்கு இன்றும் வருத்தம்.

அந்தத் தடம் நின்றபோது உங்கள் வீடுகளில் என்ன ஆனது? எழுதுங்கள்.

பிளேனோவாசி:

உங்கள் அம்மா கதையைப் படித்துவிட்டு இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் இழந்த விமானம் எங்களுக்குத்தான் வந்து சேர்ந்தது. நான் டாலஸுக்குப் பக்கத்தில், தம்பி சிட்னியில். அதற்கு முன்னால் லாஸ் ஏஞ்சலஸில் மாறித்தான் அவனைப் பார்க்கப் போவோம், கைக்குழந்தையோடு. 2011 மே மாதம் புது விமானம் தொடங்கியது. முதலில் தினமும் இல்லை, ஆனாலும் எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

சிட்னியிலிருந்து வருவது நேர்ப் பயணம். மதியம் ஏறினால் அதே தேதி மதியம் டாலஸில் இறங்கலாம், பசிபிக் நடுவே தேதி மாறும் கோடு அந்த நாளைத் திருப்பிக் கொடுத்துவிடும். போவதுதான் பாடு. திங்கள் இரவு ஏறினால் புதன் காலை. அதுவும் சிட்னிக்கு நேராக இல்லை, பிரிஸ்பேனில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போகும். அப்போது அட்டவணையே அப்படித்தான்.

அந்த முதல் பயணம் நன்றாக நினைவிருக்கிறது. எல்லாரும் தூங்குகிறார்கள், மகள் என் மார்பில். எதிரே திரையில் சின்ன விமானப் படம், சுற்றிலும் நீலம், கரையே இல்லை. ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்த்தால் படம் விரற்கடை அளவுகூட நகர்ந்த மாதிரி இல்லை. பிரிஸ்பேனில் விடியற்காலை இறங்கி எஞ்சின் நின்றதும் வந்த அமைதியில் மகள் விழித்து அழ ஆரம்பித்தாள். பதினாறு மணி நேரமும் அந்த இரைச்சலில்தான் தூங்கியிருக்கிறாள்.

பழைய மெக்கானிக்:

விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரிஸ்பேனில் ஏன் நின்றது என்று பலர் கேட்பார்கள், சொல்கிறேன்.

சிட்னி–டாலஸ் 13,804 கி.மீ. சான் பிரான்சிஸ்கோவை விட ஏறக்குறைய 1,900 கி.மீ. அதிகம். போயிங் 747-400ER என்ற ரகத்தை வைத்துத்தான் அதை ஓட்டினார்கள். அந்த ரகப் பயணி விமானத்தை உலகத்திலேயே க்வாண்டாஸ் மட்டும்தான் வாங்கியது, மொத்தமே 6. முன்பக்கச் சரக்கு அறையில் கூடுதலாக ஒரு எரிபொருள் தொட்டி. தரையை விட்டுக் கிளம்பும்போது மொத்த எடை 412 டன் வரை போகலாம். கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். கிழக்கே வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும். மேற்கே போகும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால்தான் பிரிஸ்பேன்.

தடத்தை மாற்றியதற்குக் காரணம் க்வாண்டாஸின் கூட்டாளியான அமெரிக்கன் ஏர்லைன்ஸ். டாலஸ் அவர்களின் கோட்டை, அங்கே இறங்கினால் டெக்சாஸ், ஃப்ளோரிடா, மெக்சிகோ என்று எங்கும் கூட்டாளியின் விமானத்திலேயே ஏறலாம். சான் பிரான்சிஸ்கோ யுனைடெட்டின் கோட்டை. வியாபாரமாகப் பார்த்தால் முடிவு சரி என்றே சொல்வேன். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. 1954-இல் க்வாண்டாஸ் பசிபிக்கைத் தாண்ட ஆரம்பித்ததே சான் பிரான்சிஸ்கோவுக்குத்தான். சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானம், ஃபிஜி, கேண்டன் தீவு, ஹொனலுலு என்று நின்று நின்று போகும். 1959 ஜூலையில் க்வாண்டாஸின் முதல் போயிங் 707 ஜெட் சேவையும் இதே ஊருக்குத்தான். நடுவில் பல வருடம் விட்டு மறுபடி தொடங்கிய தடம் அது. அதை இன்னொரு தடவை விட்டபோது வேலையில் இருந்த எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

மதி:

என் மாமியாருக்கும் இதே மாதிரி அட்டைதான். போன் எண்ணைக் கொட்டை எழுத்தில், நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். முதல் தடவை நான் குறியீட்டை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பிளேனோவாசி:

மெக்கானிக் ஐயா, காற்று விஷயம் இவ்வளவு தெளிவாக இப்போதுதான் புரிந்தது. 2014 செப்டம்பர் கடைசியில் ஏ380 என்ற இன்னும் பெரிய விமானம் வந்ததும் பிரிஸ்பேன் நிறுத்தம் போய்விட்டது, சிட்னிக்கு நேராகவே திரும்பியது. முதல் நாள் அதன் வாலில் இருக்கும் கங்காருவுக்கு கௌபாய் தொப்பி மாட்டியிருந்தார்கள். மகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினேன்.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் நன்றி. சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் க்வாண்டாஸ் மறுபடி சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறக்கத் தொடங்கியது. பிப்ரவரியில் அம்மாவுக்குச் சீட்டு எடுத்தேன். அதற்குள் முழங்கால் தேய்ந்து, இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத நிலை. மருத்துவர் வேண்டாம் என்றார். அம்மா ஒன்றும் பேசாமல், அக்காவுக்கென்று இடித்து வைத்திருந்த பருப்புப்பொடியை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார்.

அந்தச் சீட்டை ரத்து செய்துவிட்டு அக்காவை வரச் சொன்னேன். அவள் நேர் விமானத்திலேயே வந்தாள். அதிலிருந்து வருடம் ஒருமுறை வருகிறாள். ஒவ்வொரு தடவையும் அவள் கிளம்பும்போது அந்தப் பத்திரிகை அட்டையை அம்மா எடுத்து நீட்டுகிறார், வழியில் வேண்டியிருக்கும் என்று. அக்காவும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறாள்.