வாஷிங்டனின் உயில்: 153 பேர் ஏன் விடுபடவில்லை?

ஏடுபுரட்டி (இழையைத் தொடங்கியவர்)

ஜார்ஜ் வாஷிங்டன் தன் அடிமைகளை உயிலில் விடுதலை செய்தார் என்று எல்லோரும் படித்திருப்போம். 1799-இல் அவரே எழுதிவைத்த ஆட்பட்டியலைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு அந்த வரி எனக்கு நெருடுகிறது. அவருடைய மவுண்ட் வெர்னன் தோட்டங்களில் அப்போது இருந்தவர்கள் 317 பேர். அதில் 123 பேர்தான் அவருக்குச் சொந்தம். நாற்பத்தொரு பேர் வெளியாரிடமிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள். மீதி 153 பேர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸின் சொத்து வழியாக வந்தவர்கள். உயில் விடுவித்தது அந்த 123 பேரை மட்டும்.

கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமலே இறந்துபோனார். விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள்வரை அனுபவிக்க மட்டும். அவர் காலத்துக்குப் பிறகு அது கஸ்டிஸ் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். 1759-இல் மார்த்தாவை மணந்தபோது வாஷிங்டன் கைக்கு வந்தது அந்த அனுபவ உரிமைதான். அந்தப் பங்கில் இருந்த பெண்கள் பெற்ற பிள்ளைகளும் அதே கணக்கில் ஏறினார்கள்.

என் கேள்வி இதுதான்: இந்த 153 பேர் விஷயத்தில் அவர் கையைக் கட்டியது சட்டமா, அவருக்கே மனமில்லையா?

பத்திரக்காரர்

பத்திர எழுத்தில் முப்பது வருடம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சட்டம்தான். முதலில் தாய்ப்பத்திரத்தைப் பாருங்கள். பிறக்கிற குழந்தை அடிமையா இல்லையா என்பது தாயைப் பொறுத்தது என்று 1662-இல் வர்ஜீனியா சட்டம் போட்டது. 1705-இல் அடுத்த சட்டம், அடிமைகளை நிலம் போல அசையாச் சொத்து என்றே அறிவித்தது. நடமாடுகிற மனிதரை எப்படி அசையாச் சொத்து ஆக்கினார்கள் என்றால், புகையிலை நிலம் ஒருவருக்கும் அதில் உழைக்கிறவர்கள் இன்னொருவருக்கும் போனால் தோட்டம் படுத்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே வாரிசுக்கு இறக்கினார்கள்.

அதே 1705 சட்டத்தில் விதவைக்கும் ஒரு பூட்டு உண்டு. வாரிசின் சம்மதம் இல்லாமல் தன் பங்கிலுள்ள ஒருவரை மாகாணத்துக்கு வெளியே அனுப்பினாலே அவள் பங்கு பறிபோகும். வெளியே அனுப்பவே இவ்வளவு தடை என்றால் விடுதலை எப்படிச் செய்வது? வாஷிங்டனும் உயிலில் இதை ஒளிக்கவில்லை. அந்தப் பங்கு இருக்கிற நிலையில் அவர்களை விடுவிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று எழுதியிருக்கிறார்.

நெய்தல்

ஐயா, தாய்ப்பத்திரத்தை எழுதினது யார் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தோட்டக்காரர்களேதான். வாஷிங்டன் 1758-இல் அதற்குத் தேர்வாகி, புரட்சி வரும்வரை உறுப்பினராக இருந்தார். தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே செய்த பூட்டு அது.

வழியே இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. உயிலோடு அவர் இணைத்த சொத்துப் பட்டியலின் மதிப்பு 5,30,000 டாலர். அதில் மவுண்ட் வெர்னன் சேரவில்லை. வாரிசுகள் யாரோ எவரோ அல்ல, மார்த்தாவின் நான்கு பேரப்பிள்ளைகள். இரண்டு பேர் அவர் வீட்டிலேயே வளர்ந்தவர்கள். அந்த 153 பேருக்கு உரிய விலையை அவர்களிடம் கொடுத்து முடித்திருக்கலாம். நாற்பது வருடம் இருந்ததே!

பத்திரக்காரர்

5,30,000 டாலர் என்பது காகிதத்தில் இருந்த தொகை, அம்மா. பெரும்பகுதி மேற்கே ஒஹாயோ பக்கத்து நிலம், வாங்க ஆளில்லை. கையில் ரொக்கம் இல்லாத பெரிய பண்ணையார் அவர். 1794-இல் தன் முன்னாள் செயலாளர் டோபியாஸ் லியருக்கு எழுதிய கடிதத்தில், தோட்டங்களை இங்கிலாந்து விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விடலாம், அதன் மூலம் அடிமைகளை விடுவிக்கவும் வழி பிறக்கும் என்று யோசித்திருக்கிறார். குத்தகைக்கு ஆள் கிடைக்கவில்லை.

இன்னொன்று. பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் பிறந்தது 1781-இல். 1799-இல் அவருக்கு வயது 18, மேஜர் ஆக 21 நிரம்ப வேண்டும். மைனர் பங்கில் கைவைத்தால் அந்த ஏற்பாடு நிற்காது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

குறிஞ்சி

நீங்கள் இருவரும் பங்குக் கணக்குப் பேசுகிறீர்கள். அந்தப் பட்டியலில் இருக்கிற ஒரு குடும்பத்தைப் பாருங்கள். ஐசக் தச்சர், வாஷிங்டனுக்குச் சொந்தம். அவர் மனைவி கிட்டி பால்பண்ணையில் வேலை செய்தவர், கஸ்டிஸ் கணக்கு. அதனால் அவர்களுடைய மகள்கள் எல்லோருமே கஸ்டிஸ் கணக்கு. உயில்படி ஐசக் விடுதலை. மனைவியும் பெண்களும் அடிமைகளாகவே இருந்தார்கள். ஒரே குடிசையில் படுத்துத் தூங்கியவர்கள் இரண்டு பேரேட்டில் இருந்தார்கள்.

வாஷிங்டனுக்கு இது தெரியாமல் இல்லை. இரண்டு தரப்பும் மண உறவில் கலந்து கிடப்பதால் பிரிவு வேதனை வரும் என்று உயிலிலேயே காரணம் காட்டித்தான், தன் பங்கு ஆட்களின் விடுதலையை மார்த்தாவின் மரணத்துக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார். தள்ளிவைத்ததால் பிரிவு நின்றதா? மார்த்தாவே முந்திக்கொண்டு 1801 ஜனவரி 1-ஆம் தேதி அவர்களை விடுவித்தார். தன் சாவில் அவர்களுடைய விடுதலை இருக்கிறது என்பதால் அவர் பயந்தார் என்று, அப்போது அங்கே போய்வந்த, அன்றைய அதிபரின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். 1802 மே மாதம் மார்த்தா இறந்தார். கஸ்டிஸ் பங்கு ஆட்களை நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துவிட்டார்கள்.

நெய்தல்

குறிஞ்சி சொன்னதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். கட்டே இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? அதே வர்ஜீனியாவில் நோமினி ஹால் தோட்டத்தின் சொந்தக்காரர் ராபர்ட் கார்ட்டர் 1791-இல் ஒரு பத்திரம் பதிந்து, 450-க்கும் மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுவிக்க ஏற்பாடு செய்தார். இன்னொரு பக்கம் தாமஸ் ஜெபர்சன். அவர் கணக்கில் இருந்தவர்களை விதவைப் பங்கு எதுவும் கட்டவில்லை, ஆனால் 1,00,000 டாலருக்கு மேல் கடன் வைத்துவிட்டு 1826-இல் இறந்தார். உயிலில் ஐந்து பேரை விடுவித்தார். அடுத்த ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ தோட்டத்தில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். கொல்லர் ஜோ பாசெட் அந்த ஐந்து பேரில் ஒருவர். அவர் மனைவி, பிள்ளைகள் ஏலத்தில். 1782-இலிருந்தே சொந்தக்காரர் விரும்பினால் விடுவிக்கலாம் என்று வர்ஜீனியா சட்டம் அனுமதித்தது. மனம் இருந்த கார்ட்டர் அதைப் பயன்படுத்தினார்.

பத்திரக்காரர்

கார்ட்டர் விடுவித்தது முழு உரிமையாகத் தன்னிடம் இருந்தவர்களை. வாஷிங்டனும் தன் 123 பேரை விடுவித்தாரே. ஒப்பிட வேண்டுமானால் அந்த இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆயுள் அனுபவத்தில் இருக்கிறவனை முழு உரிமைக்காரனோடு நிறுத்தி ஏன் செய்யவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

குறிஞ்சி

ஐயா, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ஓனா ஜட்ஜ் மார்த்தாவின் பணிப்பெண், கஸ்டிஸ் கணக்கு. தன்னைப் பேத்தி எலைசாவுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 1796-இல் பிலடெல்பியாவிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போய்விட்டார். விடுவிக்க வழிவிடாத சட்டம், வாரிசுக்கு முன்கூட்டியே பரிசாகக் கொடுக்க மட்டும் வழிவிட்டது. வாஷிங்டன் ஆளைவிட்டுத் தேடச் சொன்னார். ஓனா திரும்பவில்லை. அங்கே அவருக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் அந்த 1662 கணக்கின்படி கஸ்டிஸ் சொத்து. 1848-இல் இறக்கும்வரை அவருக்குச் சட்டப்படி விடுதலை கிடைக்கவே இல்லை.

இன்னொருவர் எலிஷ். மார்த்தா தானே விலைக்கு வாங்கியவர். இவர்மேல் கஸ்டிஸ் உரிமை இல்லை, ஆயுள் அனுபவம் இல்லை, மைனர் இல்லை, ஒரு வில்லங்கமும் இல்லை. ஒரு கையெழுத்துப் போதும். மார்த்தா 1802-இல் உயிலோடு ஒரு பிற்சேர்க்கை எழுதி, எலிஷைப் பேரனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் கொடுத்துவிட்டார். இதற்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவீர்கள்?

ஏடுபுரட்டி

அந்தப் பேரன்தான் ஆர்லிங்டன் மாளிகையைக் கட்டினவர். அவர் இறந்தது 1857, கொள்ளுத்தாத்தா கஸ்டிஸ்… மன்னிக்கவும், தாத்தா டேனியல் இறந்து சரியாக நூறு வருடம். பேரன் தன் உயிலில், ஐந்து வருடத்துக்குள் எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். நிறைவேற்ற வேண்டியவர் மருமகன் ராபர்ட் லீ. ஐந்து வருடத்தையும் முழுக்க எடுத்துக்கொண்டு 1862 டிசம்பர் 29-ஆம் தேதி விடுதலைப் பத்திரத்தைப் பதிந்தார். உள்நாட்டுப் போர் நடுவில்.

பத்திரக்காரர்

எலிஷ் விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. அவர் பெயருக்கு முன்னால் என் வாதம் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். 153 பேர் விஷயத்தில் வாஷிங்டனுக்கு அதிகாரம் இல்லை என்பதில் மாற்றமில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் நான்கு பேர். மூன்று பேத்திகளும் 1799-க்குள் கல்யாணம் முடித்தவர்கள், அதில் இருவர் மேஜரும் ஆனவர்கள். அவர்களிடம் ஒரு சம்மதக் கையெழுத்து கேட்டார்களா என்பதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். என் தொழிலில் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான்.