வாராந்தரக் கூட்டத்தை மாதம் இரண்டாகக் குறைத்துவிடலாமா?

இரும்புக்கடைக்காரன் கேட்கிறார்:

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். ஜூலை 1 முதல் ஊர் ரோட்டரி சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் ஏற்காததால் என் தலையில் விழுந்த பதவி என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புதன்தோறும் இரவு ஏழரைக்குக் கூட்டம். பதிவேட்டில் 36 பேர். போன புதன் வந்தவர்கள் 9 பேர். அதிலும் இருவர் கையெழுத்துப் போட்டு, காபி குடித்து, செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

அன்றைக்குப் பேச வந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர். ஊருணிகளைப் பற்றிப் பேசத் தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். தலைவருக்காகக் காத்திருந்து மணி அடித்தபோதே ஏழு ஐம்பது. கடவுள் வாழ்த்து, ‘நான்கு வழிச் சோதனை’ என்ற ரோட்டரி உறுதிமொழி, வரவேற்புரை, அறிமுகவுரை, பிறந்தநாள் வாழ்த்து, ஐந்து பேருக்குப் பொன்னாடை. அவர் கைக்கு மைக் போனபோது எட்டு நாற்பது. எட்டு ஐம்பத்திரண்டுக்கு ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்று ஒரு துண்டுச்சீட்டு போனது. அதை எழுதியது நான்தான்.

அவரைப் பஸ் நிலையத்தில் விடப் போனேன். பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடியே மிச்சத்தைச் சொன்னார். தூர் வாரினால் மட்டும் ஊருணி நிறையாது, தண்ணீர் வந்து சேரும் வாய்க்காலான வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். மனை பிரித்தவர்கள் கால்மேல் சாலை போட்டிருப்பார்கள். புல வரைபடத்தில் கால் இருக்கும், தரையில் இருக்காது என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஓர் ஊருணியைத் தூர் வாரிப் பலகை வைத்தோம். பலகை இருக்கிறது, தண்ணீர் இல்லை. பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அன்றைய கூட்டமே அந்த இருபது நிமிடம்தான். கேட்டவன் நான் ஒருவன்.

கூட்டத்தை மாதம் இரண்டாகக் குறைத்தால் ஆள் வருமா? விதி இடம் கொடுக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கல்லல் பையன்:

அண்ணன், கூட்டமே எதற்கு? எங்கள் இளைஞர் குழுவுக்கு வாட்ஸ்அப் போதுமானதாக இருக்கிறது. போன மாதம் ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டுமென்று இரவு பதினொரு மணிக்குத் தகவல் போட்டோம். இருபது நிமிடத்தில் ஆள் கிடைத்துவிட்டது. யாரும் புதன்கிழமைக்குக் காத்திருக்கவில்லை, பொன்னாடையும் போர்த்தவில்லை.

பழைய செயலாளர், தேவகோட்டை:

தம்பி, முதலில் விதி. 2016-இல் ரோட்டரிக்கு விதி வகுக்கும் அதன் சட்ட மன்றம் தளர்த்திவிட்டது. மாதம் இரண்டு கூட்டமாவது நடந்தால் போதும்; அதை இணையவழியிலும் நடத்தலாம். ஆகவே குறைப்பதற்குத் தடையில்லை. குறைத்தால் ஆள் வருமா என்றால், வராது. வாரம் ஒன்பது பேர் வருகிற இடத்தில் மாதத்துக்கு இரண்டு முறை ஒன்பது பேர் வருவார்கள், அவ்வளவுதான்.

என் காலத்தில் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் முன்னும் பின்னும் 14 நாளுக்குள் வேறு ஊர்ச் சங்கத்தில் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டும். கும்பகோணத்தில் என் மைத்துனன் வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது நழுவிப்போய் அந்த ஊர்க் கூட்டத்தில் வருகைச் சீட்டு வாங்கி வந்தேன். என் வீட்டம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பைத்தியக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓட்டத்தில் எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்தது.

நம் பக்கத்து நகரத்தார் புள்ளிக் கணக்கு உங்களுக்குத் தெரியும். கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி, கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. ஆள் பினாங்கில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான்; வரி வரும், ஆள் வரமாட்டார். கோயிலுக்கு அது பொருந்தும், சங்கத்துக்குப் பொருந்தாது. உங்கள் 36 பேரில் 27 பேர் இப்போது வெறும் புள்ளிகள்.

1905 பிப்ரவரி 23-இல் சிகாகோவில் முதல் கூட்டத்துக்கு உட்கார்ந்தவர்கள் நாலே பேர்: பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். கூடிய இடம் அந்தப் பொறியாளரின் அலுவலகம். பிறகு ஒவ்வொருவர் தொழில் நடக்கும் இடத்திலும் முறைவைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடினார்கள்; அந்தச் சுற்றால்தான் ரோட்டரி என்றே பெயர் வந்தது. நாம்தான் மண்டபத்தில் போய் உட்கார்ந்துகொண்டோம். மாதம் ஒரு புதனாவது யாராவது ஓர் உறுப்பினரின் கடையிலோ ஆலையிலோ கூட்டம் போட்டுப் பாருங்கள். பொன்னாடையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கானாடுகாத்தான் மருமகள்:

நான் வேறொரு சங்கத்தில் உறுப்பினர். எல்லாரும் ஆள் வரவில்லை என்கிறீர்களே, ஏழரை மணி யாருக்குச் சௌகரியம்? கடை அடைக்கிறவர்களுக்கும் இல்லை, அடுப்படியில் நிற்கிறவர்களுக்கும் இல்லை. ரோட்டரியில் பெண்களைச் சேர்க்கலாம் என்று 1989-இல் விதி மாறியது. எங்கள் சங்கத்தில் கூட்ட நேரம் மட்டும் இன்னும் மாறவில்லை. ஆறு மணிக்கு மாற்றுங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். ‘பரிசீலிக்கப்படும்’ என்று குறிப்பேட்டில் இருக்கிறது, கையெழுத்து அழகாக இருந்தது.

கல்லல் தம்பிக்கு ஒரு வார்த்தை. ரத்தத்துக்கு வாட்ஸ்அப் சரி, கேட்கிறவர் கையில் போன் இருக்கிறது. கேட்கவே தெரியாதவர்களை எந்தக் குழுவில் சேர்ப்பீர்கள்?

இரும்புக்கடைக்காரன் (மூன்று வாரம் கழித்து):

அண்ணனுக்கும் ஆச்சிக்கும் நன்றி. மாலை ஆறு மணி என்று வைத்து, எங்கள் உறுப்பினர் ஒருவரின் புதுவயல் அரிசி ஆலையில் நேற்றுக் கூட்டம் நடத்தினோம். 17 பேர் வந்தார்கள். ஆலை பார்க்க வந்தவர்கள்தான் பாதி, இருக்கட்டும்.

கூட்ட மணியை எடுத்துப்போக மறந்துவிட்டேன். ஆலைக்காரர் ஒரு பித்தளைப் படியைக் கவிழ்த்துக் கரண்டியால் தட்டினார். தலைவருக்கு முகம் சுருங்கியது, ஆனால் சத்தம் நன்றாகவே கேட்டது.

நெல் ஊறும் தொட்டி, அவிக்கும் இடம், உமி எரிகிற அடுப்பு எல்லாம் பார்த்துவிட்டுக் களத்துக்கு வந்தோம். அவித்த நெல்லை ஓர் அம்மாள் காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார். வரிவரியாக, கோடு போட்டதுபோல. ஓரத்துக்கு வந்ததும் கட்டைவிரலால் திட்டின் விளிம்பைத் தடவி, நின்று, அப்புறம் திரும்பினார். மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே. எங்களோடு வந்த மருந்துக்கடைக்காரர் அருகே போய்ப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார். ‘வெளிச்சம் தெரிகிறது சாமி, நெல்லு தெரியவில்லை’ என்றார் அம்மாள்.

ஆண்டுதோறும் கண் முகாம் நடத்துகிறோம். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவர்கள் வருவார்கள். அறுவை தேவைப்படுவோரை அவர்களே வண்டியில் அழைத்துப்போய்த் திருப்பி அனுப்புவார்கள். விளம்பரமும் இடமும் எங்கள் பொறுப்பு. ஆலையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள பள்ளியில்தான் நடக்கும். முகாமைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டேன். ‘சுவரில் ஏதோ ஒட்டியிருந்தார்கள், எனக்கு எழுத்துத் தெரியாதே’ என்றார். எழுத்தா, கண்ணா, எதைச் சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முகாம் வரை காத்திருக்க வேண்டாம் என்று மருந்துக்கடைக்காரரே திங்கட்கிழமை அம்மாளை மதுரைக்கு அழைத்துப் போகிறார். அந்தக் களத்தில் வேலை செய்கிற மற்றவர்களையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று தீர்மானம். அது ஒன்றுதான் தீர்மானம். எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட்டோம்.

வாராந்தரக் கூட்டத்தை இப்போதைக்குக் குறைக்கவில்லை. ஊருணிப் பொறியாளரிடம் மன்னிப்புக் கேட்டுப் போன் செய்தேன். ‘மண்டபத்துக்கு வரமாட்டேன், ஊருணிக் கரைக்கு வேண்டுமானால் வருகிறேன்’ என்கிறார். புல வரைபட நகல் எங்கே வாங்குவது, தாலுகா அலுவலகத்திலா, இணையத்திலா? தெரிந்தவர்கள் புதனுக்குள் சொல்லுங்கள்.