ஒக்கடு: சார்மினார் அட்டையாம், அதனால் படமும் அட்டையாம்!

பழையபஸ்தி:
நேற்று கில்லி04 எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "ஒக்கடு பார்த்தேன். கில்லிக்கு எடுத்த ஒத்திகை மாதிரி இருக்கிறது. அந்த அட்டைச் சார்மினாரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்" என்று போட்டிருந்தார். ஐயா, மகேஷ் பாபு நடித்த தெலுங்குப் படம் ஒக்கடு வந்தது 2003 சங்கராந்திக்கு. அதையே தமிழில் விஜய்யை வைத்து எடுத்த கில்லி வந்தது 2004 ஏப்ரலில். அண்ணன் எப்படித் தம்பிக்கு ஒத்திகை ஆவான்?

நான் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கபடி ஆட வந்த ஹைதராபாத் பையன், கர்னூலில் கொண்டாரெட்டி புருஜு என்கிற பழைய கோட்டைக் கொத்தளத்துக்கு எதிரே, யார் என்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக வில்லன் ஓபுல் ரெட்டி மேல் கை வைக்கிறான். அந்த இடம் வரும்போது இன்றைக்கும் நிமிர்ந்து உட்காருவேன். அவன் அவளைக் காதலிக்கவில்லை. அவள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அடித்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது. இது அட்டையா?

கில்லி04:
வணக்கம். நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். கதை யார் முதலில் எடுத்தார்கள் என்பது கேள்வியே இல்லை. சார்மினார் செட். செட் என்றால் அட்டை. ஹைதராபாத்திலேயே படம் எடுக்கிறார்கள், பக்கத்தில் நிஜமாகவே சார்மினார் நிற்கிறது, அதை விட்டுவிட்டு எதற்கு அட்டை?

பழையபஸ்தி:
நீங்கள் ஒருநாளாவது சார்மினார் பக்கம் போயிருக்கிறீர்களா? நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. லாட் பஜார் வளையல் கடைகள், தள்ளுவண்டிகள், ஆட்டோக்கள், ரம்ஜான் மாதம் என்றால் விடியும்வரை ஜனம். 1591இல் கட்டிய கட்டடம் அது. அதைச் சுற்றி இரவு முழுக்க விளக்குப் போட்டு, சண்டை எடுத்து, பாட்டும் எடுக்க முடியுமா? முடியாது. அதனால்தான் இயக்குநர் குணசேகர் செட் போட்டார். ஹீரோ வீடு சார்மினார் நிழலில் இருக்க வேண்டும், அந்தப் பெண்ணை அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே மறைத்து வைக்க வேண்டும். கதைக்கு அது தேவை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் படத்தின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது.

கில்லி04:
ஆக, அட்டைதான். நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

பழையபஸ்தி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. செட் என்றேன், அட்டை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

நெல்லூர் மருமகள்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இந்தப் படம் டிவியில் வந்தால் மாமியார் சமையலை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார். அவருக்கு மகேஷ் பாபுவும் வேண்டாம், பூமிகாவும் வேண்டாம். ஓபுல் ரெட்டியின் அம்மாவாக வரும் தெலங்கானா சகுந்தலாதான் வேண்டும். தூள் படத்தில் சொர்ணாக்காவாக வந்தாரே, அதே அம்மாதான். மகன் தோற்று வந்தால் அந்த அம்மா பார்க்கிற பார்வை இருக்கிறதே! அப்புறம் "நுவ்வேம் மாயா" பாட்டு. ஸ்ரேயா கோஷல் அந்த முதல் வரியை எடுக்கும்போது அடுப்பில் என்ன இருந்தாலும் கருகட்டும் என்று விட்டுவிடுவேன். இசை போட்ட மணி சர்மாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

கில்லி04:
அக்கா, பாட்டைப் பற்றிப் பேசினால் உங்களுக்குத்தான் கஷ்டம். கில்லியில் வித்யாசாகரின் "அப்படிப் போடு"வுக்குக் கல்யாண வீட்டில் ஆடாத ஆள் உண்டா? மணி சர்மாவின் பாட்டுக்கு ஆடுகிற கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

நெல்லூர் மருமகள்:
தம்பி, நெல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு வாருங்கள். பிறகு பேசலாம்.

ரெய்டர்:
நான் பள்ளி நாள் முதல் கபடி ஆடுகிறவன். இரண்டு படத்தையும் சேர்த்தே சொல்கிறேன். எதிரணிப் பக்கம் ரெய்டு போனால் 30 வினாடிதான். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய்த் தொட்டு, நடுக்கோட்டுக்கு வர வேண்டும். இந்த ஹீரோக்கள் எதிர்ப்பக்கம் போய் நின்று ஊரையே அளந்துவிட்டு வருகிறார்கள். ஏழு பேரும் சேர்ந்து பிடித்த ஆளை உதறிவிட்டு வருவது என்ன ஆட்டம்? சார்மினார் அட்டையோ கல்லோ, எனக்குக் கவலையில்லை. கபடி அட்டை.

பழையபஸ்தி:
ரெய்டர், உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒன்று சொல்லுங்கள், அதற்கு முன்னால் எத்தனை பெரிய நடிகர் கபடி ஆட்டக்காரனாக நடித்தார்? தெலுங்கில் செடுகுடு, நமக்குச் சடுகுடு. நம் மண்ணின் ஆட்டம். எல்லோரும் கிரிக்கெட் மட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெரிய ஹீரோ கட்டாந்தரையில் புரண்டார்.

அந்தக் காலத்துத் தெலுங்குப் படங்களையும் நினைத்துப் பாருங்கள். 1999இல் சமரசிம்மா ரெட்டி, 2002இல் ஆதி, இந்திரா. கர்னூல் பக்கத்து ராயலசீமா என்றால் வெள்ளை வேட்டி, சுமோ வரிசை, வெட்டருவாள். அந்த அலை நடுவில் ஒக்கடு வந்தது. இதில் ஹீரோவுக்கு எந்தப் பரம்பரைப் பகையும் இல்லை. பழிவாங்க அப்பா சாகவில்லை. போலீஸ்கார அப்பாவுக்குத் தெரியாமல், தங்கையின் உதவியோடு ஒரு பெண்ணை வீட்டுக்குள் மறைத்து வைக்கிற சாதாரணப் பையன். அந்த ஒளித்துவைக்கும் பகுதியில்தான் அவள் மனம் அவன் பக்கம் சாய்கிறது. அவனுக்கு அது தெரிவதே இல்லை. அவளை விமானம் ஏற்றி அனுப்புகிற நேரத்தில்தான் அவனுக்கு உறைக்கிறது. அந்த முகத்தைப் பாருங்கள். வசனம் இல்லாமல் நிற்கிறார் மகேஷ். சென்னையில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவர், அதையாவது நினைத்துப் பெருமைப்படலாமே!

கில்லி04:
இவ்வளவு எழுதினீர்கள், அட்டைக்குப் பதில் வரவில்லை.

மாசி வீதி:
அட்டைக்குப் பதில் நான் சொல்கிறேன். அதே குணசேகர், அதே மகேஷ் பாபு, அடுத்த வருஷமே அர்ஜுன் எடுத்தார்கள். அதில் எங்கள் மீனாட்சியம்மன் கோயிலையே செட் போட்டார்கள். மதுரைக்காரனாக எனக்கு அது வலித்தது. அந்தக் கோபுரத்தைத் தினம் பார்த்து வளர்ந்தவனுக்குச் செட்டைப் பார்த்தால் தெரியும். அதனால் இந்த விஷயத்தில் கில்லி04 பக்கம்தான் நான். ஆனால் கில்லி பட வில்லன் முத்துப்பாண்டி பேசுவது மதுரைத் தமிழ் என்று அவர் போன மாதம் எழுதியதை மறக்கவில்லை. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கட்டும்.

கில்லி04:
முத்துப்பாண்டி பேசியது மதுரைத் தமிழ்தான். பிரகாஷ் ராஜ் "செல்லம்" என்று கூப்பிட்டால் தியேட்டரே கூப்பிடும். 2024இல் மறுபடி வெளியிட்டபோதும் கூப்பிட்டது. ஓபுல் ரெட்டியை அப்படி யார் கூப்பிடுகிறார்கள்?

மாசி வீதி:
எங்கள் தெருவில் வந்து பேசிக் காட்டுங்கள்.

பழையபஸ்தி:
இரண்டு பேரும் ஒரே பிரகாஷ் ராஜ்தானே! ஓபுல் ரெட்டியாக நடித்துப் பார்த்த பிறகுதான் முத்துப்பாண்டி வந்தார். இதைச் சொன்னால் கில்லி04க்குக் கோபம் வருகிறது. போக்கிரி விவாதத்திலும் இப்படித்தான். மகேஷின் போக்கிரி 2006, விஜய்யின் போக்கிரி 2007 என்று நான் எழுதினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

எனக்கு விஜய்யும் பிடிக்கும். கில்லியைத் தியேட்டரில் பார்த்தேன், விசில் அடித்தேன். ஆனால் மூலத்தை ஒத்திகை என்று சொன்னால் சும்மா இருக்க முடியாது. கன்னடத்தில் அஜய் என்று எடுத்தார்கள், இந்தியில் தேவர் என்று எடுத்தார்கள். இவ்வளவு பேர் வந்து கடன் வாங்கியது ஒத்திகையிடமா?

போன வருஷம் பெங்களூர் போகும் வழியில் கர்னூலில் இறங்கினேன். வேறு வேலை எதுவும் இல்லை. புருஜு எதிரே ஒரு டீக்கடையில் நின்றேன். கருங்கல், மேலே புறாக்கள், கீழே ஆட்டோ வரிசை. டீக்கடைக்காரரிடம் நான் வாயே திறக்கவில்லை. அவராகவே, "மகேஷ் பாபு படமா?" என்று கேட்டுவிட்டு, எந்த இடத்தில் அடித்தார் என்று கையை நீட்டிக் காட்டினார். அது கல். அங்கே அட்டை கிடையாது.

கில்லி04:
2020இல் சரிலேரு நீக்கெவ்வரு படத்தில் அந்தப் புருஜையும் செட் போட்டார்கள். இப்போது புருஜும் அட்டை.

பழையபஸ்தி:
அது வேறு படம்! நான் பேசுவது ஒக்கடு! 17 வருஷம் கழித்தும் அந்த ஒரு காட்சியை மறுபடி ஞாபகப்படுத்த ஒரு செட் போடுகிறார்கள் என்றால், அந்தக் காட்சி எவ்வளவு பெரியது? நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். சரி, கில்லியில் கலங்கரை விளக்கத்தின் மேலே நிற்கிறார்களே, அதைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

கில்லி04:
கலங்கரை விளக்கம் பேச்சு இங்கே வரவில்லை. சார்மினார் பேச்சுதான்.

ரெய்டர்:
ரெய்டுக்கு 30 வினாடி என்று சொன்னேன். அதற்கும் பதில் வரவில்லை.

நெல்லூர் மருமகள்:
மாமியாரிடம் இந்தச் சண்டையைப் படித்துக் காட்டினேன். சார்மினார் செட்டா என்று அவருக்கு இன்றுதான் தெரிந்தது. "போட்டால் என்ன, அழகாகத்தானே இருந்தது" என்றார்.

கில்லி04:
பார்த்தீர்களா, அவர்களும் செட் என்றுதான் சொல்கிறார்கள். அட்டை.

பழையபஸ்தி:
"அழகாக இருந்தது" என்றார்கள். அதைப் படியுங்கள். நாளைக்கு லாட் பஜார் போகிறேன். சார்மினாரைப் படம் பிடித்து இங்கே போடுகிறேன், கூடவே படத்தில் வரும் காட்சியையும் போடுகிறேன். எது எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

மாசி வீதி:
முத்துப்பாண்டி விஷயம் அப்படியே நிற்கிறது.