"ஒத்தையில திங்கதுக்குப் பேரு பந்தியா?": அம்மாவுக்கு வீட்டில் திருவிருந்து, என்ன செய்யலாம்?

பாளை மகள்:
அம்மாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து ஏழு மாதமாகக் கட்டிலோடு இருக்கிறார். இடது பக்கம் வரவில்லை, தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை), பாளையங்கோட்டை. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அதாவது ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நாள் என்றால் கோயில் விட்டு வரும்வரை அம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இப்போது போனில் ஆராதனை பார்க்கிறார். பாமாலை எல்லாம் கூடவே முணுமுணுப்பார். அப்பம் பிட்கும் நேரம் வந்ததும் "அணைச்சிரு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எங்கள் சபையின் போதகரான சேகரகுரு வீட்டுக்கே வந்து கொடுக்கிறேன் என்கிறார். அம்மா சம்மதிக்கவில்லை. "ஏட்டி, ஒத்தையில திங்கதுக்குப் பேரு பந்தியா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படி யார் வீட்டிலாவது நடந்திருக்கிறதா?

ஓய்வுபெற்ற ஆயர்:
மகளே, அம்மா கேட்பது நியாயமான கேள்வி. 1947-இல் தென்னிந்திய திருச்சபை உருவாகுமுன் திருநெல்வேலி, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் அத்தியட்சாதீனமாக (பேராயரின் ஆளுகைப் பகுதியாக) இருந்தது. அந்த மரபின் 1662 ஜெபப்புத்தகத்தில் நோயாளித் திருவிருந்துக்கு ஒரு விதி உண்டு: நோயாளியோடு கூட இன்னும் மூன்று பேர், குறைந்தது இரண்டு பேராவது பந்தியில் பங்குபெற வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் கூட வர ஆள் கிடைக்காவிட்டால் மட்டும் விலக்கு. ஆகவே நீங்களும் வாங்குங்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அம்மாவோடு பழகிய இரண்டு பேரையும் கூப்பிடுங்கள்.

முதல் ஞாயிறன்றே, ஆராதனை முடிந்த கையோடு வரச் சொல்லுங்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே, வர முடியாதவர்களுக்கு டீக்கன்மார் (சபையின் உதவி ஊழியர்கள்) பந்தியிலிருந்து எடுத்துப்போய்க் கொடுத்ததை ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். அதே பந்திதான் அம்மாவின் கட்டில்வரை நீளுகிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். நம் ஆராதனையில் சமாதான வாழ்த்து ஆல்டரிலிருந்து (பலிபீடத்திலிருந்து) கைமாறிக் கைமாறி வருமே, உள்ளங்கைகளுக்கு நடுவே கைகளை வாங்கி? அது கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து நமக்கு வந்த வழக்கம். கோயிலில் அதை வாங்கின ஒருவர் நேரே வந்து அம்மாவின் கையில் கொடுக்கட்டும். நான் ஊழியத்தில் இருந்த காலத்தில், பேச்சு நின்றுபோனவர்கள்கூட அந்தக் கையை விடமாட்டார்கள்.

வார்டு அக்கா:
தங்கச்சி, நான் நர்ஸ். புரையேறுகிறவர்களுக்குத் திராட்சை ரசத்தைப் பாத்திரத்திலிருந்து அப்படியே கொடுக்காதே. காய்ந்த அப்பமும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் அப்பாவுக்கு அப்பத்தில் ஒரு பொடித் துண்டை ரசத்தில் தோய்த்து ஸ்பூனில் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று விழுங்கும் பயிற்சி கொடுக்கிறவரிடம் முதலில் கேள். முதுகுக்குத் தலையணை வைத்து நன்றாக நிமிர்த்தி உட்காரவை, கொடுத்தபின் அரைமணி நேரம் படுக்க விடாதே. ஒருவேளை எதுவுமே விழுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டால்?

ஓய்வுபெற்ற ஆயர்:
அதற்கும் அந்தப் புத்தகத்திலேயே இடம் இருக்கிறது. மனந்திரும்பி விசுவாசத்தோடு நன்றி செலுத்துகிறவர் வாயால் உட்கொள்ள முடியாமற்போனாலும், கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் தன் ஆத்துமாவுக்கு நலமாகப் பெறுகிறார் என்று குருவானவர் அவருக்குப் போதிக்க வேண்டும்.

பாளை மகள்:
ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. நேற்று நடந்தது. மூன்று பேர் விதியைச் சொன்னதும் அம்மா, "அப்பவே எழுதி வச்சிருக்கான் பாரு" என்றார். பயிற்சியாளர் தோய்த்த துண்டுக்குச் சரி என்றார். காலை மாத்திரை போட வைக்கத்தான் பெரும்பாடு, பட்டினி கிடக்கணுமாம்.

சங்கத்திலிருந்து நான்கு பேர் வந்து தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். முதலில் வந்தவர் சமாதானம் கொடுத்தபோது, அம்மா தன் வலக்கையால் இடக்கையைத் தூக்கி அவர் கைகளுக்குள் வைத்தார். அப்பம் வாங்கும்போது நான்தான் அழுதேன்.

எல்லாரும் கிளம்பியபின் தலையணை அடியிலிருந்து ஏழு மாதச் சங்கக் காணிக்கையை எண்ணிக் கொடுத்தார். அடுத்த மாதம் எதிர்வீட்டுப் பெரியம்மாவையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறார், அவருக்கும் முழங்கால் முடியாமல் கோயிலுக்குப் போய் ஒரு வருஷமாகிறது. பெரியம்மாவுக்கு ஒரு நாற்காலி தேட வேண்டும்.