உள்ளாட்சி மன்றம் கூட முடியாத நாளில் கையெழுத்துப் போடுவது யார்? (நால்வர் புனைபெயரில் பேசும் விவாதம்)

மேல்மடை:

விவாதத்துக்கு ஒரு மாதிரி விதியை வைக்கிறேன். "வெள்ளம், நிலநடுக்கம், கொள்ளைநோய், கணினித் தாக்குதல் என எதனாலாவது உள்ளாட்சி மன்றம் கூட முடியாமல் போனால், மன்றத்தின் அதிகாரம் முழுவதும் 30 நாளுக்கு நிர்வாக அலுவலரைச் சேரும். அவர் எடுத்த முடிவுகளுக்கு மன்றம் பிறகு பின்னேற்பு (நடந்து முடிந்ததற்குத் தரும் ஒப்புதல்) வழங்கும்."

ஜப்பானின் ஒட்சுச்சி நகரத்தைப் பாருங்கள். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் முடிந்ததும், கட்டடம் விழுந்துவிடுமோ என்று நகர அலுவலகத்தின் வாசலில், திறந்தவெளியில் பேரிடர்த் தலைமையகம் கூடியது. அங்கேதான் சுனாமி வந்து அடித்தது. மேயரும் ஊழியர்களுமாகச் சுமார் 40 பேர் இறந்துவிட்டார்கள். புதிய மேயரைத் தேர்ந்தெடுத்தது ஆகஸ்டில். இடைப்பட்ட ஐந்து மாதமும் பதில் பொறுப்பில் இருந்தவர்கள்தான் ஊரை நடத்தினார்கள். அந்த நிலைமையில் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை உறுப்பினர் வேண்டும் என்ற எண்ணிக்கை, பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

நிர்வாக அலுவலருக்கு அடுத்து யார், அவருக்கும் அடுத்து யார் என்று மூன்று படி எழுதி வைக்க வேண்டும். ஆள் பெயரை எழுதக் கூடாது, பதவியை எழுத வேண்டும். பெயர் எழுதிய பட்டியல் அடுத்த இடமாறுதலிலேயே செத்துவிடும். மூன்று பதவியும் ஒரே கட்டடத்தில் இருக்கவும் கூடாது. ஒட்சுச்சி சொல்லும் பாடம் அதுதான்.

நீதிமுற்றம்:

வரிசைப் பட்டியலுக்கு மறுப்பே இல்லை. "அதிகாரம் முழுவதும்" என்ற இரண்டு சொல்லைத்தான் எதிர்க்கிறேன்.

மன்றத்தின் அதிகாரம் ஒரே தன்மையானது அல்ல. பம்ப்செட்டுக்கு டீசல் வாங்குவது, பள்ளிக்கூடத்தை முகாமாகத் திறப்பது, பொக்லைன் வாடகைக்கு எடுப்பது, விழுந்த மரத்தை அகற்றுவது எல்லாம் அன்றைக்கே செய்தாக வேண்டிய வேலை. அதை அலுவலரிடம் தாராளமாகக் கொடுங்கள். வரி விதிப்பது, பட்ஜெட்டை மாற்றுவது, நிலத்தை விற்பது, நீண்டகாலக் குத்தகை போடுவது, நிரந்தரப் பணி நியமனம் ஆகியவை ஒரு மாதம் பொறுக்கும். அவற்றை ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

பின்னேற்பு என்பதை ஒரு பாதுகாப்பாக எண்ண வேண்டாம். வேலை முடிந்து, பில் பாஸாகி, பணமும் போன பிறகு கோப்பு மன்றத்துக்கு வரும். அப்போது "ஏற்கவில்லை" என்று தீர்மானம் போட்டாலும் ஒப்பந்தக்காரரிடமிருந்து பணம் திரும்பி வராது.

என் மாற்று இது. ஐந்து பேர் கொண்ட அவசரக் குழு, கோரம் மூன்று. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே மாற்று ஆட்கள். கலிஃபோர்னியாவின் அவசரகாலச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. மன்ற உறுப்பினர் ஒருவருக்கு மூன்று மாற்று உறுப்பினர்கள் வீதம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டு நியமித்து வைக்கலாம். கால அளவும் 30 நாள் வேண்டாம். ஏழு நாள் போதும், நீட்டிப்பதைக் குழு முடிவு செய்யட்டும்.

மேல்மடை:

நீங்கள் சொல்லும் ஐந்து பேரும் அதே வெள்ளத்தில்தானே இருப்பார்கள்? மின்சாரம் போன சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் இறங்கிவிடும். மூன்று பேரை எங்கே தேடுவது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரேற்று நிலையத்தில் 100 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் பாரத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 18 முதல் 20 லிட்டர் டீசல் குடிக்கும். 72 மணி நேரத்துக்கு 1,400 லிட்டர், அதாவது 200 லிட்டர் பீப்பாய் ஏழு. பெரும்பாலான இடங்களில் டேங்கில் இருப்பது ஒரு நாளுக்குக்கூடக் காணாது. இரவு இரண்டு மணிக்கு ஆறு பீப்பாய் வாங்க ஒரு கையெழுத்து தேவைப்படுகிறது, அந்தத் தொகையோ இளநிலைப் பொறியாளரின் வரம்பைத் தாண்டுகிறது. அவர் குழுவைத் தேடிக்கொண்டிருந்தால் காலையில் மேல்நிலைத் தொட்டி காலி.

குளோரினும் அப்படித்தான். வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் கலங்கலாக வருவதால் வழக்கமான அளவு போதாது. ஒரு லட்சம் லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால், 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 600 கிராம் தேவை. ஈரமும் சூடும் பட்ட மூட்டையில் அந்த வீரியம் இருக்காது, இன்னும் கூடப் போட வேண்டிவரும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் மிச்ச குளோரின் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டோர் சாவி ஒருவரிடம், இன்டென்ட்டில் (பொருள் கேட்புச் சீட்டில்) கையெழுத்து இன்னொருவரிடம், இருவருமே வர முடியாத நிலை. அதிகாரத்தைக் கீழே இறக்கி வைக்காவிட்டால் இதற்குத் தீர்வே கிடையாது.

கணக்குமேசை:

இரண்டு பேரும் நியாயமாகத்தான் பேசுகிறீர்கள். ஆனால் அதிகாரத்தை யாரிடம் கொடுத்தாலும் அது வங்கிக் கவுண்டரில் நின்றுவிடும். அதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

உள்ளாட்சிக் கணக்கில் காசோலைக்கு வழக்கமாக இரண்டு கையெழுத்து. அந்த இருவரின் மாதிரிக் கையொப்ப அட்டை வங்கியில் இருக்கும். ஒருவர் இறந்துவிட்டார் அல்லது ஆளையே காணோம் என்றால், புதியவரைச் சேர்க்க வங்கி என்ன கேட்கும்? மன்றத் தீர்மானத்தின் நகல். மன்றத்துக்குக் கோரம் இல்லாததால்தான் புதியவர் பொறுப்புக்கே வந்திருக்கிறார், வங்கியோ மன்றத் தீர்மானம் கேட்கிறது. முடிச்சு அங்கேதான் விழுகிறது. இணையவழிப் பட்டுவாடா என்றாலும் இதே கதைதான். டிஜிட்டல் கையொப்பம் போடக் கணினியில் செருகும் டோக்கன் பழைய அலுவலரின் மேசை இழுப்பறையில், மேசை வெள்ளத்தில். புதிய டோக்கன் வாங்க அடையாளச் சான்றும் பதவிச் சான்றும் வேண்டும், பதவிச் சான்று அச்சிடும் அலுவலகமோ மூடிக் கிடக்கிறது.

சாதாரண நாளிலேயே செய்து முடிக்க வேண்டியது இது. வரிசையில் உள்ள மூன்று பதவிக்காரர்களின் மாதிரிக் கையொப்பமும் வங்கியில் இருக்க வேண்டும். "முதலாமவர் இயலாத நிலையில் இரண்டாமவர் கையெழுத்து செல்லும், இன்னாரின் கடிதம் அதற்குப் போதும்" என்று எப்போதும் செல்லுபடியாகும் ஒரு நிலைத்தீர்மானம் நிறைவேற்றி, அதை வங்கி ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்க வேண்டும். வாய்மொழி உறுதி உதவாது, கிளை மேலாளரும் மாறுவார். ஆள் மாறும்போதெல்லாம் அட்டையைப் புதுப்பிப்பது பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்திலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும்.

அடுத்தது சம்பளம். துப்புரவுப் பணியாளரும் மோட்டார் ஆபரேட்டரும் சம்பளம் வராமல் எத்தனை வாரம் வருவார்கள்? சம்பளப் பட்டியல் தயாரிக்க முடியாவிட்டால் போன மாதப் பட்டியலை அப்படியே திரும்ப ஓட்டும்படி வங்கியிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். கூடுதல் குறைவை அடுத்தடுத்த மாதங்களில் நேர் செய்துகொள்ளலாம். ஒன்று கவனிக்க வேண்டும். பணிவிலகியவர், இறந்தவர் பெயருக்கும் பணம் போய்விடும், அந்த விலக்குப் பட்டியலை மட்டுமாவது தாளில் வைத்திருக்க வேண்டும்.

நீதிமுற்றம்:

கணக்குமேசை, இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் தீர்வும் முன்கூட்டியே மன்றம் போட்ட தீர்மானத்தில்தான் நிற்கிறது. மன்றத்தை ஓரங்கட்டி அல்ல, மன்றத்தை வைத்துத்தான் இதைச் சாதிக்க முடியும்.

மேல்மடை ஐயா, வெள்ளத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கொள்ளைநோயில் கட்டடமும் இருக்கும், மின்சாரமும் இருக்கும், ஆட்களும் இருப்பார்கள். கூடத்தான் முடியாது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் தனி விதிமுறை போட்டு, மன்றக் கூட்டங்களைக் காணொலியில் நடத்த அனுமதித்தார்கள். அது 2021 மே 7 அன்று காலாவதியானது. அதற்குப் பிறகும் காணொலியில் கூடலாமா என்ற வழக்கில், 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி கூட்டம் என்றால் உறுப்பினர்கள் நேரில் ஓரிடத்தில் கூடுவதுதான் என்று உயர்நீதிமன்றம் ஏப்ரல் இறுதியில் சொல்லிவிட்டது. ஓராண்டாக நன்றாக நடந்த ஏற்பாடு, சட்டத்தில் இடமில்லாததால் நின்றது. தொழில்நுட்பம் இருப்பது மட்டும் போதாது, "ஆஜர்" என்ற சொல்லுக்குக் காணொலியும் அடங்கும் என்று விதியில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னொரு கண்ணி. ஓர் உறுப்பினர் தொடர்ந்து ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராமல், மன்றத்தின் அனுமதியும் பெறாமல் இருந்தால் பதவி போய்விடும். கூட்டமே நடக்காத காலத்தில் இதற்கு விலக்கு எழுதி வைக்காவிட்டால், அவசரநிலை முடியும்போது மன்றத்தில் ஆளே இருக்க மாட்டார்கள்.

ஏட்டுக்கட்டு:

பதிவேட்டு வேலை தெரிந்தவர்கள் யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் குறுக்கிடுகிறேன். அதிகாரம் யாரிடம் இருந்தாலும், எதன்மீது செலுத்துவீர்கள்? யார் இருக்கிறார், யார் இறந்தார், எந்த வீடு யாருடையது என்ற ஏடு இல்லாமல் நிவாரணத் தொகையைக்கூடக் கொடுக்க முடியாது.

அதே 2011 சுனாமியில் ஒட்சுச்சி, ரிக்குசென்தகாத்தா, மினாமிசன்ரிக்கு, ஒனகாவா ஆகிய நான்கு இடங்களிலும் குடும்பப் பதிவேட்டின் மூல ஏடு அழிந்தது. நகல் ஒன்று நீதி அமைச்சகத்தின் வட்டார அலுவலகத்தில் இருந்ததால் அதைக் கொண்டு மீட்டார்கள். வேறு துறை, வேறு கட்டடம், சட்டப்படி கட்டாயம் அனுப்ப வேண்டிய நகல். காப்பாற்றியது அதுதான். ஒரே வளாகத்தின் அடுத்த அறையில் இருக்கும் நகலை நகல் என்றே கணக்கில் வைக்காதீர்கள்.

கணினித் தாக்குதலுக்கு உதாரணம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். 2019 மே 7 அன்று தாக்கியவர்கள் நகர நிர்வாகத்தின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 13 பிட்காயின் கேட்டார்கள். நகரம் கொடுக்கவில்லை. மின்னஞ்சல் நின்றது, வீட்டு விற்பனைப் பதிவுகள் முடங்கின, தண்ணீர்க் கட்டண பில் மாதக்கணக்கில் போகவில்லை. மீள்வதற்கான செலவும் வருவாய் இழப்பும் 1.8 கோடி டாலர் என்று நகரமே மதிப்பிட்டது. இங்கே மன்றம் கூடலாம், அலுவலரும் இருக்கிறார், ஆனால் கையில் ஏடு இல்லை. வலையமைப்போடு எப்போதும் இணைந்தே இருக்கும் பேக்கப் பூட்டப்படும்போது அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கழற்றி வெளியே வைத்த பிரதி ஒன்று வேண்டும். அதிலிருந்து ஒரு பதிவேட்டையாவது மீட்டெடுத்துப் பார்த்திருக்க வேண்டும், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

இறப்புப் பதிவுக்கு வெற்றுப் படிவங்கள் 500, எண் அச்சிட்டு, தாளில் வைத்திருங்கள். கணினி வரும்வரை கையால் எழுதி, பிறகு அதே எண்ணில் ஏற்றலாம். எண் தொடர்ச்சி இல்லாமல் எழுதினால் ஒரே இறப்பு இரண்டு முறை பதிவாகும். பிறகு வாரிசுச் சான்று வாங்க அந்தக் குடும்பம் அலைய வேண்டிவரும்.

மேல்மடை:

சரி, வாசகத்தை மாற்றுகிறேன். "அதிகாரம் முழுவதும்" போகட்டும். உயிர், தண்ணீர், சுகாதாரம், சாலை, தங்குமிடம், சம்பளம் இந்த ஆறுக்கு மட்டும். வரி, நிலம், பட்ஜெட், நியமனம் விலக்கு. 30 நாள் என்று நான் போட்டதற்குக் காரணம், 12 மணி நேரத்துக்குள் அத்தியாவசியப் பணி தொடங்கி 30 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது பேரிடரிலும் அரசுப் பணி தொடர்வதற்கான அமெரிக்கத் தொடர்ச்சித் திட்டங்களில் வழக்கமான அளவு. ஆனால் அது பணிக்கான அளவுதான், அதிகாரத்துக்கான அளவு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குழுவை மட்டும் முதல் 72 மணி நேரத்துக்கு ஏற்க மாட்டேன். அந்த மூன்று நாள் ஒரே கை. நான்காம் நாளிலிருந்து உங்கள் குழு.

நீதிமுற்றம்:

72 மணி நேரம் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கடிகாரத்தை யார் முடுக்குவது? அதிகாரம் யாருக்குப் போகிறதோ அவரே "அவசரநிலை வந்துவிட்டது" என்று அறிவிக்கக் கூடாது. மன்றத் தலைவர் அறிவிக்க வேண்டும். தலைவர் கிடைக்காவிட்டால், இரண்டு வெவ்வேறு வழியில், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறை முயன்றதாகப் பதிவேட்டில் நேரம் போட்டு எழுதிய பிறகு துணைத்தலைவர். அந்தப் பக்கத்தில் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும்.

முடிவும் தானாக வர வேண்டும். "நிலைமை சீரானதும்" என்று எழுதினால் அது சீராகவே ஆகாது. மணி நேரம் எழுதுங்கள்.

மேல்மடை:

துணைத்தலைவரும் கிடைக்காவிட்டால்?

நீதிமுற்றம்:

மன்றத்தின் மூத்த உறுப்பினர். அவரும் இல்லை என்றால் மேல்நிலை அரசின் வட்டார அலுவலர். நிர்வாக அலுவலர் மட்டும் இல்லை. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேல்மடை:

வட்டார அலுவலர் பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்தால் அந்த இரவு டீசல் இல்லை. இதில் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அறிவிப்பு வரும்வரை இளநிலைப் பொறியாளரின் கொள்முதல் வரம்பையாவது மூன்று நாள் எரிபொருளுக்கும் குளோரினுக்கும் போதுமான அளவு நிரந்தரமாக உயர்த்தி வையுங்கள். அப்படிச் செய்தால் யார் அறிவிப்பது என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

நீதிமுற்றம்:

பொருள் பெயரும் அளவும் குறிப்பிட்டு, லாக் புக்கில் மீட்டர் அளவோடு பதிவிடுவதென்றால் சம்மதம்.

கணக்குமேசை:

அந்தத் தொகைக்கு எரிபொருள் நிலையத்தோடு கடன் கணக்கு ஒன்றும் முன்கூட்டியே திறந்துவிடுங்கள். வரம்பை உயர்த்தினாலும் அன்று இரவு காசோலையை யாரும் வாங்க மாட்டார்கள். எரிபொருள் நிலையத்துக்கே மின்சாரம் இல்லையென்றால் அதன் பம்பும் ஓடாது. ஜெனரேட்டர் உள்ள நிலையமாகப் பார்த்து, இரண்டு இடத்தில் கணக்கு வையுங்கள்.