விருப்பமில்லாத வேலைக்கு 'முடியாது' என்று எப்படிச் சொல்லுகிறீர்கள்?

விசுவமடு ஓடாவி:
மேசன், ஓடாவி (தச்சர்), வெல்டிங், வயரிங் என்று கைவேலை செய்கிற ஆக்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன், மற்றவர்களும் சொல்லலாம். வேண்டாத வேலை ஒன்று வந்தால் எப்படிக் கழற்றி விடுகிறீர்கள்?

பதினான்கு வருடமாக ஓடாவி வேலை செய்கிறேன். நிலை, கதவு, யன்னல், கூரை எல்லாம் செய்வேன். வேலைக்குக் குறைவில்லை, வேண்டாம் என்று சொல்லத்தான் இன்னும் பழகவில்லை. யாராவது வந்து கேட்டால் வாயில் தன்பாட்டில் வருகிற சொல் 'பாப்பம்'. நான் சொல்லுகிற 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். கேட்கிறவருக்கு அது ஓம்.

போன மாதம் சித்தப்பா முறையான ஒருவர் வந்தார். பழைய குசினிக் கூரையைப் பிரித்துவிட்டு அதே மரத்தைத் திருப்பிப் போட்டுத் தர வேண்டுமாம். முந்தி இவருக்குச் செய்து கொடுத்த இரண்டு கதவின் காசு எனக்கு வந்து முடிய ஒன்றரை வருடம் போனது. சரி, அது வேறு கதை. "பாப்பம் சித்தப்பா" என்று சொல்லி அனுப்பினேன். நாலாம் நாள் காலை பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், டிராக்டர் பெட்டி நிறையக் கூரை மரம், கைமரமும் சிலாகையும், என் முற்றத்தில் பறிபடுகிறது. கூரையைத் தாங்குகிற பெரிய மரமான தீராந்தி ஒன்றில் உளியை வைத்து மெல்லத் தட்டினேன், பாணுக்குள் போகிற மாதிரி உள்ளே போய்விட்டது. இழுத்தால் கறையான் மண் கொட்டுகிறது. அதற்கு மேல் ஓடு ஏற்றி, நாளைக்கு அடுப்படியில் நிற்கிற மனுசியின் தலையில் விழுந்தால் மரத்தின் பெயரா வரும், கூரை போட்டவன் பெயர்தானே வரும்?

மரம் இன்னும் முற்றத்தில்தான் கிடக்கிறது. சித்தப்பா இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். சொந்தக்காரனுக்கு எப்படிச் சொல்லுவது?

பரந்தன் மேசன்:
தம்பி, எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது விலையைக் கூட்டிச் சொல்லுவதுதான். வேண்டாம் என்று யாரும் சொல்லுவதில்லை, இரண்டு மடங்கு சொன்னால் ஆள் தானாகப் போய்விடும் என்ற நம்பிக்கை. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒருக்கால் மாட்டுப்படும் வரைக்கும். மலசலகூடக் குழி ஒன்று, பழசு, இடிந்தது, உள்ளே இறங்கித் துப்புரவாக்கித் திருப்பிக் கட்ட வேண்டும். மணத்தை நினைத்தே வயிறு பிரட்டியது. வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னேன். அந்த மனிசன் உள்ளே போய்க் காசோடு வந்து கையில் வைத்துவிட்டார், முழுக் காசு! பிறகென்ன, நானும் முட்டாளும் ஐந்து நாள் மூக்கில் துவாய் கட்டிக்கொண்டு நின்றோம். (வெளிநாட்டில் இருந்து வாசிக்கிற பிள்ளைகளுக்கு: மேசனுக்குக் கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுக்கிற ஆளை இங்கே முட்டாள் என்றுதான் சொல்லுவோம், திட்டவில்லை.) அதனால் சொல்லுகிறேன், விலை சொன்னால் அந்த விலைக்குச் செய்ய மனம் இருக்க வேண்டும்.

முடியாது என்று சொல்லத் தெரியாததால் வந்த பெரிய வினை என்றால் வீட்டுத்திட்டக் காலம்தான். 2012க்குப் பிறகு, போரில் வீடு இழந்த சனத்துக்கு இந்தியா காசு கொடுத்த வீட்டுத்திட்டம் வந்தபோது ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம், அதுவும் கட்டம் கட்டமாகத்தான் வரும், ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த காசு. சுற்றிவர எல்லா வளவிலும் ஒரே நேரத்தில் அத்திவாரம் வெட்டுகிறார்கள், மேசன் ஆக்கள் காணாது. வந்து கேட்ட எல்லாருக்கும் ஓம் சொன்னோம், நானும்தான். ஒரு காலத்தில் என் கையில் ஒன்பது வீடு. இங்கே இரண்டு வரி கல் வைத்துவிட்டு அங்கே ஓடுவது, அங்கே நிலை வைத்துவிட்டு இன்னொரு இடம். கல் வைக்க ஆள் வராததால் அடுத்த காசு வராமல் தறப்பாளுக்குள் மழையோடு இருந்த சனத்தைக் கண்ணால் கண்டேன். அதில் ஒரு அம்மா என்னை ஏசவே இல்லை, ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. மூன்று பேருக்கு மட்டும் ஓம் சொல்லியிருந்தால் மற்ற ஆறு பேரும் வேறு ஆளைப் பிடித்திருப்பார்கள்.

வட்டக்கச்சிக்காரி:
நான் வேலை செய்கிற ஆள் இல்லை, செய்விக்கப் போய்ச் சீரழிந்த ஆள். எங்கள் வீட்டுப் பின்சுவர் வெடித்து, பூச்சுக் கழன்று விழத் தொடங்கியது தை மாதம். மேசன் ஒருவர் வந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், "அடுத்த கிழமை வாறன் அக்கா" என்றார். பிறகு புளியம்பொக்கணைக் கோயில் பொங்கல் முடியட்டும் என்றார், அது பங்குனி. பிறகு வற்றாப்பளைக் கோயில் பொங்கல் முடியட்டும், அது வைகாசி. பிறகு ஆடி, ஆடியில் வேலை தொடங்கக் கூடாதாம். அத்திவாரம் வெட்டத்தான் ஆடி பார்ப்பார்கள், பூச்சு வேலைக்கும் ஆடியா? ஆவணியில் போன் எடுத்தால் பதில் இல்லை. ஒரு நாள் சந்திக் கடையில் என்னைக் கண்டதும் வாங்கின சீனியையும் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பி ஒழுங்கைக்குள் போய்விட்டார். கடைக்காரர் சீனிப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறார், ஆள் நிற்கவில்லை. எனக்குக் கோபத்தை விடச் சிரிப்புத்தான் வந்தது.

ஐப்பசியில் மழை தொடங்க அந்தச் சுவர் அரைவாசி விழுந்துவிட்டது. தை மாதமே 'அக்கா, இந்த வேலைக்கு எனக்கு நேரமில்லை' என்று சொல்லியிருந்தால் நான் மாசிக்குள் வேறு ஆளைப் பார்த்திருப்பேன். கோபித்திருக்கவே மாட்டேன். நீங்கள் எல்லாரும் எங்கள் மனம் நோகும் என்று நினைத்துத்தான் ஒளிக்கிறீர்கள் போல, ஆனால் நோகிறது அந்த ஒளிப்பில்தான்.

பரந்தன் மேசன்:
அக்கா, அது நான் இல்லை.

மாங்குளம் வெல்டிங்:
ஓடாவி அண்ணை, நீங்கள் எதற்காக வேண்டாம் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் சொல்லுகிற விதம். நேரமில்லை என்றால் நேரமில்லை என்று சொல்லி எப்போது நேரம் வரும் என்றும் சொல்லுங்கள். ஆளைப் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லவே தேவையில்லை, "நான் எடுக்கேல்லை, வேற ஆளைப் பாருங்கோ" என்றால் போதும். காரணம் சொல்லத் தொடங்கினால் அதைத் தீர்த்து வைக்க வந்துவிடுவார்கள். "ஆள் இல்லை" என்று ஒருவரிடம் சொன்னேன், அடுத்த நாள் தன் மருமகனை எனக்கு உதவிக்கு அனுப்பி வைத்தார். அந்தப் பொடியனுக்கு வெல்டிங் கண்ணாடி போடவே தெரியாது.

வேறு ஆளைக் காட்டிவிடுவதும் நல்லதுதான், ஆனால் வேலை தெரியாதவனைக் காட்டினால் பிழை உங்கள் தலையில்தான் விழும்.

மரத்தில் இன்னொன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. வளவுக்குள் கிடந்த முதிரைக் குற்றி இருக்கு, கட்டில் அடித்துத் தா என்று வருவார்கள். "பெர்மிற் இருக்கா, அரிஞ்ச சிட்டை இருக்கா" என்று கேட்டால் அந்தக் கதை அதோடு முடியும். பெர்மிற் இல்லாத மரத்தை ஏற்றிப் பிடிபட்டால் மரமும் போகும் டிராக்டரும் போகும், கோட்டுக்கு அலைவது மிச்சம். அங்கே முகம் பார்க்கவே வேண்டாம். ஆனால் சித்தப்பாவின் மரத்துக்குப் பெர்மிற் பிரச்சினை இல்லை, கறையான் பிரச்சினை. அதற்கு ஒரே வழி, அவரைக் கூப்பிட்டு அந்த உளியை அவர் கையிலேயே கொடுப்பதுதான்.

அக்கராயன் பெடியன்:
சித்தப்பாவுக்கு என்ன சொன்னீங்கள் அண்ணை? அறிய ஆவலாக இருக்கு.

விசுவமடு ஓடாவி:
மாங்குளம் தம்பி சொன்ன மாதிரியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, தீராந்தியைக் காட்டி, உளியையும் கொட்டானையும் கையில் கொடுத்தேன். இரண்டு தட்டுத் தட்டினார். மண் கொட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. "சித்தப்பா, இந்த மரத்தில நான் கை வைக்கமாட்டன். கைமரத்தில நல்லது ஏழெட்டுக் கிடக்கு, அதைத் தெரிஞ்சு வைக்கிறன், மிச்சத்துக்குப் புது மரம் எடுத்தால் சித்திரைக்குப் பிறகு செய்து தாறன், அரைவாசிக் காசு முதலில வேணும்" என்று சொன்னேன். கடைசி வசனம் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது, பொய் சொல்லவில்லை.

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப இந்த மரத்தைத் திருப்பி ஏத்திறது ஆர்?" என்று கேட்டார்.

டிராக்டர் வாடகை நான்தான் கொடுத்தேன்.

வட்டக்கச்சிக்காரி:
இப்படிச் சொல்லுகிற மேசன் யாராவது வட்டக்கச்சிப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், சுவர் இன்னும் அப்படியேதான் நிற்கிறது.