யூஎஸ்பி டிஎம்ஏ ஆன் பண்ணா டேட்டா குப்பையாகுது, உதவுங்க

தோட்டத்துப்பையன்: வணக்கம்ணே, சுங்கை சிப்புட்ல செம்பனை லோரி எடைய பென்டிரைவ்ல எழுதுற போர்டு ஒன்னு செய்றேன், சிப்பு எஸ்டிஎம்32எஃப்7, டிஎம்ஏ (சிபியு இல்லாம யூஎஸ்பி பகுதியே மெமரியோட நேரா டேட்டா மாத்திக்கிறது) ஆன் பண்ணா ஃபைல் குப்பை, ஆஃப் பண்ணா சரியா இருக்கு, மூனு ராத்திரியா தூக்கமில்ல.

ஈப்போகாரன்: தம்பி, பஃபர் (டேட்டா வைக்கிற மெமரி இடம்) அட்ரஸ பாரு, 4ஆல வகுபடணும். முன்னால ஒரு பைட் ஹெடர் வச்சு அதுக்கடுத்த அட்ரஸ குடுத்திருந்தா அதான் வினை. லினக்ஸ்ல இதே வகை யூஎஸ்பி கன்ட்ரோலருக்கான டிடபிள்யூசி2 டிரைவர்கூட இப்படி வந்தா அலைன் ஆன (4ஆல வகுபடுற) வேற பஃபருக்கு காப்பி பண்ணிதான் அனுப்பும்.

பழையகம்பி: அது பாதிதான் லா. உன் சிப்புல உள்ள எம்7 சிபியுல கேஷ் (மெமரி டேட்டாவோட வேக நகல்) லைன் 32 பைட், பஃபர் ஆரம்பமும் நீளமும் 32ல நிக்கணும், இல்லன்னா இன்வாலிடேட் (கேஷ் நகல தூக்கிப் போடுறது) பண்றப்ப பக்கத்து வேரியபிளும் சேர்ந்து கெடும். அனுப்புறதுக்கு முன்ன கிளீன் (கேஷ்ல உள்ளத மெமரிக்கு எழுதுறது) பண்ண மறந்துடாதப்பா.

தோட்டத்துப்பையன்: ஹெடர்தான்ணே! காப்பி பண்ணி, கிளீனும் போட்டேன், ஃபைல் சுத்தமா வருது. ரொம்ப நன்றிண்ணே.